இடமில்லாத டவரில் 160, 80, 40 மீட்டர்

நான் ஒரு ஹாம், அதாவது பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துபவன். பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் தென்னந்தோப்பின் நடுவில் நிற்கும் 18 மீட்டர் டவரில், கடந்த ஆண்டு ஆவணி மாதத்தில் நான் எண்ணிப் பார்த்தபோது ஐந்து ஆன்டெனாக்கள் இருந்தன. ஆன்டெனாவைச் சுழற்றும் மோட்டாரான ரோட்டேட்டரிலிருந்து மேலே செல்லும் குழாயில் முதலில், அலைநீளத்தால் பெயர் பெற்ற 20, 15, 10 மீட்டர் அலைவரிசைகளுக்கான பீம்; மூன்று எலிமென்ட் எனப்படும் குழாய்க் கைகளால் அலையை ஒரே திசையில் குவிப்பது. அதற்கு ஒன்றரை மீட்டர் மேலே 6 மீட்டருக்கான யாகி என்ற இன்னொரு திசை ஆன்டெனா. உச்சியில் 2 மீட்டருக்கான நீண்ட யாகி. டவரின் பக்கவாட்டில் நீட்டியிருந்த ஓர் இரும்புக் கையில் உள்ளூர் ரிப்பீட்டருக்கான (மறு ஒலிபரப்பு நிலையம்) செங்குத்து ஆன்டெனாவும், எதிர்ப்பக்கக் கையில் 17 மீட்டருக்கான கம்பி டைபோலும் (நடுவில் கேபிள் சேரும் இரு கைக் கம்பி) தொங்கின. இவற்றின் கேபிள்களும் ரோட்டேட்டரின் கட்டுப்பாட்டுக் கேபிளும் டவரின் மூன்று கால்களிலும் கட்டுக்கட்டாக இறங்கின. ஏறுகிறவர் கால் வைக்கப் படி தேட வேண்டிய நிலைக்கு அந்த டவர் வந்திருந்தது. அதே டவரில் 40, 80, 160 மீட்டர் என மூன்று தாழ் அலைவரிசைகளையும் சேர்த்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

இப்போது ஏன் இந்த வேலை என்று கேட்டால், முதல் காரணம் சூரியன். சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சியில், 2019 டிசம்பரில் தொடங்கிய 25ஆவது சுழற்சி அதன் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சம் கடந்தபின் வரும் ஆண்டுகளில் 10, 12 மீட்டர்கள் படிப்படியாக அடங்கிப் போகும். பகலெல்லாம் உலகம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த ரிசீவர் வெறும் இரைச்சலைத்தான் தரும். அந்த ஆண்டுகளில் நமக்குத் துணை நிற்பவை இரவில் திறக்கும் தாழ் அலைவரிசைகள். இரண்டாவது காரணம் இதைவிட எனக்கு முக்கியமானது. பீம் வைத்திருப்பவருக்கு ஜப்பான் எளிதில் கிடைக்கும், பக்கத்து மாவட்டம் கிடைக்காது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, பொழுதுபோக்குப் பயணமாக போர்ட் பிளேர் சென்று ஒலிபரப்பிக்கொண்டிருந்த ஹாம் பாரதி பிரசாத்தின் குழு ஒரே நாளில் அவசரத் தகவல் நிலையமாக மாறியது நம் எல்லோருக்கும் தெரியும். தொலைபேசி செயலிழந்த நேரத்தில் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்குள் இருப்பவரோடு பேசுவதற்கு, அலையை ஏறத்தாழ நேர் மேலே அனுப்பி அயனி மண்டலத்தில் பட்டு மழைபோல் கீழே விழச் செய்யும் 40, 80 மீட்டர் ஆன்டெனாக்கள்தான் வேண்டும். என் நிலையத்தில் அது ஒன்றுகூட உருப்படியாக இல்லை என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருந்தது.

முதலில் தோன்றிய யோசனை, எல்லோருக்கும் தோன்றுவதுதான்: உச்சியில் இன்னும் கொஞ்சம் குழாயை நீட்டி, சுருக்கப்பட்ட இரண்டு எலிமென்ட் 40 மீட்டர் பீம் ஒன்றை ஏற்றிவிடலாம். வாங்குவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். கட்டடங்களின் மேல் விழும் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி கோயம்புத்தூருக்கு நொடிக்கு 39 மீட்டர் அடிப்படைக் காற்று வேகத்தைக் குறிக்கிறது. சென்னைக்கு அது 50. வேகத்தின் இருமடியை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்பது கிடைக்கும். எங்கள் ஊருக்கு அது ஏறத்தாழ 912, அதாவது ஒரு சதுர மீட்டரின் மேல் 93 கிலோ எடை பக்கவாட்டில் சாய்வதற்குச் சமம். ஏற்கெனவே மேலே இருந்தவற்றின் பரப்பு 1.1 சதுர மீட்டர் அளவுக்கு வந்தது. புதிய பீம் இன்னும் 0.6 சேர்க்கும். ரோட்டேட்டர் பேரிங்குக்கு மேலே இரண்டரை மீட்டர் உயரத்தில் 55 கிலோ எடையுள்ள ஒருவர் குழாயைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருப்பதுபோல அது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நேரில் வாங்கும் ஊர் இது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் பேச்சு இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளை அடியோடு சாய்த்துப் போட்ட படங்களைப் பார்த்த பிறகு, தரநிலை சொல்லும் எண்ணுக்கு மிக அருகில் போவதற்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஈரோட்டில் இருக்கும் மூத்த ஹாம் ஒருவரிடம் காலை நெட் (ஹாம்கள் வானொலியில் கூடிப் பேசும் நேரம்) முடிந்ததும் இதைச் சொன்னேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக 80 மீட்டரில் மோர்ஸ் அடிப்பவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, “தம்பி, லோ பேண்டுக்கு மேல எடம் தேடாதீங்க. மேல கம்பி மட்டும் போதும், வேலையெல்லாம் கீழ மண்ணுலதான் இருக்குதுங்க” என்றார். நான் செய்த எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியம்தான் வழிநடத்தியது. அலுமினியம் வேண்டாம், செம்புக் கம்பி மட்டும் போதும் என்று முடிவு செய்தபின், எடையும் காற்றுச் சுமையும் கவலையாக இல்லாமல் போயின. வேறு ஒரு கவலை வந்தது: ஏற்கெனவே இருக்கும் ஆன்டெனாக்களோடு புதிய கம்பி எப்படி நடந்துகொள்ளும் என்பது.

அதை நான் தவறு செய்துதான் கற்றேன். 40 மீட்டருக்கு ஒரு இன்வெர்ட்டட் வி (கைகள் இரண்டும் கீழே சரியும் டைபோல்) கட்டி, அதன் உச்சியை எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில், பீமுக்கு ஒரு மீட்டர் கீழே, டவரின் தலைத் தட்டிலேயே கட்டினேன். இரண்டு கைகளும் கிழக்கு மேற்காகச் சரிந்து இறங்கின. ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 40 மீட்டரில் அழகாக 1.2 காட்டியது. மாலையில் 15 மீட்டருக்கு மாறியபோது, எப்போதும் 1.3 காட்டும் பீம் 2.4 காட்டியது. பின்புறத்திலிருந்து வரும் நிலையங்கள் முன்புறத்தில் இருப்பவைபோல் உரக்கக் கேட்டன. கனெக்டரில் ஈரம் இறங்கிவிட்டதோ என்று அரை நாள் அதைப் பிரித்துப் பார்த்தேன். பிறகு ரிக்கை, அதாவது வானொலிக் கருவியை, குறைந்த சக்தியில் வைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே ரோட்டேட்டரை மெதுவாகச் சுழற்றினேன். பீம் வடக்கு நோக்கி இருக்கும்போது 2.4. சுழலச் சுழல ஊசி இறங்கிக்கொண்டே வந்து, கிழக்கு நோக்கி வந்தபோது 1.3இல் நின்றது. தெற்கே போனதும் மீண்டும் 2.4. கேபிள் கெட்டிருந்தால் திசைக்கு ஏற்ப எண் மாறாது. பீம் வடக்கையோ தெற்கையோ நோக்கும்போது அதன் எலிமென்ட்கள் கிழக்கு மேற்காக, என் புதிய கம்பிக்கு இணையாக இருக்கின்றன. இணையாக இருக்கும்போது மட்டுமே நோய் வருகிறது என்றால், நோய்க்குக் காரணம் அந்தக் கம்பிதான்.

ஏன் 15 மீட்டர் மட்டும் கெட்டது என்பதற்கு விடை மூன்றாம் வாய்ப்பாட்டில் இருக்கிறது. 7.05 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டப்பட்ட அரை அலைநீள டைபோல், அதன் மூன்று மடங்கான 21 மெகாஹெர்ட்ஸின் பக்கத்தில் ஒன்றரை அலைநீளமாகி மீண்டும் ஒத்ததிர்கிறது. ஒரே கம்பியை 40இலும் 15இலும் பயன்படுத்தலாம் என்று பழைய ஹாம்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்களே, அதே குணம்தான். ஆனால் 15 மீட்டர் பீமின் காலடியில் அந்தக் கம்பி தொங்கும்போது, யாரும் கேட்காமலேயே அது பீமின் நான்காவது எலிமென்டாகிவிடுகிறது. தப்பான நீளத்தில், தப்பான இடத்தில் இருக்கும் எலிமென்ட். பீம் இருக்கும் டவரில் 40 மீட்டர் டைபோல் தொங்கவிட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது 40 மீட்டரின் எஸ்டபிள்யூஆரை அல்ல, 15 மீட்டரின் எஸ்டபிள்யூஆரை. அதுவும் பீமை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

தீர்வு, உயரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதாக இருந்தது. வி-யின் உச்சியை 15 மீட்டர் உயரத்துக்கு இறக்கி, டவரிலிருந்து அறுபது சென்டிமீட்டர் நீட்டிய ஒரு கையில் தொங்கவிட்டேன். பீமுக்கும் அதற்கும் இடையே நான்கு மீட்டர் கிடைத்தது. மறுபடி சுழற்றிப் பார்த்தபோது வடக்கில் 1.4, கிழக்கில் 1.3. இந்த வித்தியாசத்தோடு வாழலாம். அந்தக் கைக்கு இடம் வேண்டுமென்று 17 மீட்டர் டைபோலை டவரிலிருந்தே எடுத்துவிட்டு, இரண்டு தென்னைகளுக்கு இடையே கட்டினேன். டவரில் புதிதாக ஒன்று ஏற வேண்டுமானால் பழையது ஒன்று இறங்க வேண்டும் என்பதை நான் இதற்கு முன்பே ஒரு கட்டுப்பாடாகப் பின்பற்றியிருக்க வேண்டும். மேலே இருக்கும் பல ஆன்டெனாக்கள் தேவைக்காக அல்ல, ஏற்றியபின் இறக்கச் சோம்பல்பட்டு அங்கேயே இருப்பவை.

கேபிளை வி-யின் இரண்டு கைகளோடு இணைக்கும் அதே பேலனில் 80 மீட்டருக்கான கைகளையும் சேர்த்துக்கொண்டேன். இதனால் ஒரு கேபிள் மிச்சமானது. நெரிசலான டவரில் ஒரு கேபிள் குறைவது சிறிய லாபமில்லை. 40 மீட்டரின் கைகள் ஒவ்வொன்றும் 10.1 மீட்டர், 80 மீட்டரின் கைகள் ஒவ்வொன்றும் 20.1 மீட்டர். முன்னவை கிழக்கு மேற்காகவும் பின்னவை வடக்கு தெற்காகவும் இறங்குகின்றன. செங்குத்தாகக் குறுக்கிட்டு நிற்பதால், ஒன்றின் நீளத்தைத் திருத்தும்போது மற்றொன்று அதிகம் அலைக்கழியவில்லை. 80 மீட்டரின் கைகள் 15 மீட்டர் உயரத்திலிருந்து 3 மீட்டர் உயரத்துக்கு இறங்குவதற்குத் தரையில் பக்கத்துக்கு 16 மீட்டர் தேவைப்பட்டது. உச்சிக் கோணம் 100 பாகையைக் கொஞ்சம் தாண்டி அமைந்தது. 90க்குக் கீழே போனால் இரண்டு கைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளத் தொடங்கும் என்பதால், இடம் இல்லாதவர்கள் கைகளின் நுனியை மடக்கலாமே தவிர, கோணத்தை ஒடுக்கக் கூடாது.

15 மீட்டர் உயரம் 80 மீட்டர் அலைவரிசைக்கு அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தொலைதூரத்துக்கு இது நல்ல ஆன்டெனா ஆகாது. அடிவானத்தை நோக்கிச் செல்ல வேண்டிய அலை பெரும்பாலும் நேர் மேலே போகும். ஆனால் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. இரவு எட்டு மணிக்கு 80 மீட்டரில் கூப்பிட்டால் இப்போது தமிழ்நாட்டின் மூலைகளும் கேரளமும் கர்நாடகமும் இலங்கையும் ஒரே சீராகக் கேட்கின்றன. பகலில் அதே வேலையை 40 மீட்டர் செய்கிறது. உயரம் போதவில்லையே என்று வருந்துவதற்கு முன், எந்தத் தூரத்துக்குப் பேச ஆசைப்படுகிறோம் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது.

இதற்கிடையே டவரைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளை மறந்திருந்தேன். மேல் வரிசை ஸ்டே கம்பிகள் 16 மீட்டர் உயரத்திலிருந்து, டவரின் அடியிலிருந்து 11 மீட்டர் தள்ளியிருக்கும் நங்கூரங்களுக்கு இறங்குகின்றன. பிதாகரசின்படி ஒவ்வொன்றும் 19.4 மீட்டர். 40 மீட்டர் அலைவரிசையின் அரை அலைநீளம் 20 மீட்டரும் சில்லறையும். அதாவது என் டைபோலுக்குப் பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே நீளத்தில் மூன்று இரும்புக் கம்பிகளை நானே கட்டி வைத்திருந்தேன். டவரை நட்டபோது தாழ் அலைவரிசைகளைப் பற்றிய நினைவே இல்லாததால், ஸ்டே கம்பியில் இன்சுலேட்டர் போடும் செலவை மிச்சப்படுத்தியிருந்தேன். இப்போது ஒவ்வொரு கம்பியையும் மூன்று துண்டாக்கி, நடுவில் பீங்கான் முட்டை இன்சுலேட்டர்களைக் கோத்தேன். மின்வாரியக் கம்பங்களின் ஸ்டே கம்பியில் நாம் பார்க்கும் அதே முட்டைதான். அதில் கம்பிகளின் இரண்டு கண்ணிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும்படி கட்டுவதால், பீங்கான் உடைந்தாலும் கம்பி அறுந்து போகாது. துண்டுகளின் நீளம் நான் பயன்படுத்தும் எந்த அலைவரிசையின் அரை அலைநீளத்துக்கும் ஒத்துவராமல் பார்த்துக்கொண்டேன்.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்டே கம்பியை மட்டுமே அவிழ்க்க வேண்டும். அதையும் அதன் பக்கத்திலேயே ஒரு தற்காலிகக் கம்பியைக் கட்டி, டர்ன்பக்கிளில் (கம்பியை இறுக்கும் திருகு) இழுத்து நிறுத்திய பிறகே அவிழ்க்க வேண்டும். அப்போது டவரின் மேல் யாரும் இருக்கக் கூடாது. ஒன்பது துண்டுகளையும் மாற்ற எங்களுக்கு இரண்டு நாட்கள் ஆயின. ஒரு நாளில் முடித்திருக்கலாம், ஆனால் இரண்டாம் வேளையில் காற்று எழுந்ததும் வேலையை நிறுத்திவிட்டேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இனி 160 மீட்டர். நம் நாட்டில் நமக்கு இந்த அலைவரிசையில் 1.820 முதல் 1.860 மெகாஹெர்ட்ஸ் வரை கிடைக்கிறது. கால் அலைநீளமே 41 மீட்டர். என் டவரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இங்கே கிடைமட்ட டைபோலைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை, ஏதாவது ஒரு வகையில் செங்குத்தாக நிற்கும் கம்பிதான் வேண்டும். மூன்று வழிகள் என் முன்னே இருந்தன. டவரையே ஆன்டெனாவாக்கி, பக்கத்தில் ஒரு கம்பியை ஏற்றி, நடுவில் ஒரு கெபாசிட்டரை வைத்து ஊட்டுவது முதல் வழி. உச்சியில் இருக்கும் பீமே தொப்பியாகச் செயல்பட்டு டவரின் மின்நீளத்தைக் கூட்டிவிடும் என்பதால், நெரிசலான டவர் இதற்குத் தடையாக இல்லாமல் உதவியாகவே இருக்கும். புதிதாக டவர் நடுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு எல்லாக் கேபிள்களும் டவரை ஒட்டியே தரைவரை இறங்கி, மண்ணில் புதைந்து வெளியேற வேண்டும். என் கேபிள்களில் நான்கு, மூன்று மீட்டர் உயரத்திலேயே டவரை விட்டு அறைக்குப் பாய்ந்துகொண்டிருந்தன. ஸ்டே கம்பிகளின் கீழ் வரிசை இன்னும் துண்டாக்கப்படவில்லை. டவரின் உச்சியிலிருந்து ஒற்றைக் கம்பியைச் சரிவாக இறக்கும் ஹாஃப் ஸ்லோப்பர் இரண்டாவது வழி. சிலருக்கு அது அருமையாக வேலை செய்கிறது, பலருக்கு எஸ்டபிள்யூஆரே அமையவில்லை. டவரில் வேறு என்னென்ன தொங்குகின்றன என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமைவதால், ஐந்து ஆன்டெனா தொங்கும் இடத்தில் அதை நம்ப நான் தயாராக இல்லை.

மூன்றாவது வழியான இன்வெர்ட்டட் எல்-ஐத் தேர்ந்தெடுத்தேன்; செங்குத்தாக ஏறி, பிறகு கிடையாக மடங்கும் ஒற்றைக் கம்பி அது. ஆன்டெனாவின் குணத்தைக் கணினியில் கணக்கிடும், 2022 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஈஸிநெக் மென்பொருளில் டவர், பீம், எல் மூன்றையும் வரைந்து பார்த்ததில், பீமின் தொப்பியோடு சேர்ந்த டவர் ஏறத்தாழ 2.4 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதாகத் தெரிந்தது. 160இலிருந்தும் 80இலிருந்தும் விலகி நிற்கும் எண். அது 1.85இல் வந்திருந்தால் எல்-ஐ டவருக்குப் பக்கத்தில் வைத்திருக்கவே மாட்டேன். எல்லாப் பாடும் பட்டு நாம் டவரைச் சூடாக்கிக்கொண்டிருப்போம். பதினாறரை மீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர் நீளக் கை ஒன்றை நீட்டி, அதன் நுனியில் கப்பி மாட்டி, அதன் வழியாகக் கம்பியை 16 மீட்டர் செங்குத்தாக ஏற்றி, மீதியைத் தள்ளி நிற்கும் ஒரு தென்னையை நோக்கிக் கிடையாக இழுத்தேன்.

தென்னை நல்ல தூண், ஆனால் அசையும் தூண். காற்றடிக்கும்போது உச்சி ஒரு மீட்டருக்கு மேல் ஆடும். கம்பியை மரத்தில் இறுக்கிக் கட்டினால் முதல் காற்றிலேயே அறுந்துவிடும். மரம் ஏறும் தம்பி ஒருவர் மட்டைகளுக்குக் கீழே, தண்டில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி அதன் மேல் கப்பியைக் கட்டினார். கம்பியின் நுனி இன்சுலேட்டரிலிருந்து வரும் நைலான் கயிறு அந்தக் கப்பி வழியாகக் கீழே இறங்கி, மணல் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனில் முடிகிறது. மரம் டவரை நோக்கிச் சாய்ந்தால் கேன் இறங்குகிறது, விலகினால் ஏறுகிறது. கம்பியின் இழுவை மாறுவதே இல்லை. ஒரு முறை காய்ந்த மட்டை ஒன்று கம்பியின் நடுவில் விழுந்தபோது, கேன் கப்பி வரை எகிறிப் போய், மட்டை நழுவியதும் இறங்கி வந்து பழைய இடத்தில் நின்றதாகத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. நுனி இன்சுலேட்டரை மட்டைகளிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தியதற்கு வேறு காரணமும் உண்டு. ஒலிபரப்பும்போது எல்-இன் நுனியில் மின்னழுத்தம் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும், காய்ந்த மட்டையோ பன்னாடையோ தொட்டால் பற்றிக்கொள்ளும்.

இப்போது அண்ணா சொன்ன மண்ணுக்கு வருகிறேன். 160 மீட்டர் எல்-இல் பாதி ஆன்டெனாதான் மேலே இருக்கிறது, மறுபாதி தரையில் விரிக்கும் ரேடியல் கம்பிகள். முதல் நாள், வீட்டு வயரிங்குக்கான 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 90 மீட்டர் சுருள் ஒன்றை வாங்கி, 15 மீட்டர் வீதம் ஆறாக வெட்டி, எல்-இன் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் விரித்தேன். மேலே போகும் கம்பியை 40 மீட்டரில் தொடங்கி, 39க்குக் குறைத்ததும் ஒத்ததிர்வு 1.840க்கு வந்தது. நானோவிஎன்ஏ என்ற சிறிய அளவுக் கருவியில் தடை 48 ஓம். எஸ்டபிள்யூஆர் ஏறக்குறைய ஒன்று. பார்ப்பவர் யாரும் இதோடு வேலை முடிந்தது என்று கேபிளைத் திருகிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆனால் இந்த உயரத்து எல்-இன் உண்மையான கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியேறும் சக்திக்குரிய பங்கு, 15 ஓம் அளவில்தான் இருக்க முடியும். மீதி 33 ஓம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து. நான் கொடுக்கும் ஒவ்வொரு 100 வாட்டிலும் 31 வாட் அலையாகப் போக, 69 வாட் தோப்பின் மண்ணைச் சூடாக்குகிறது என்று அந்த அழகான எஸ்டபிள்யூஆருக்குப் பொருள். மறுநாள் இன்னொரு சுருள். பன்னிரண்டு ரேடியல்களோடு தடை 36 ஓமுக்கு இறங்கியது. அதற்கு அடுத்த வாரம் இரண்டு சுருள்கள் சேர்த்து இருபத்து நான்கு ஆக்கியபோது 27 ஓம், எஸ்டபிள்யூஆர் 1.85க்கு ஏறியது. அந்த எண் ஏற ஏற எனக்கு மகிழ்ச்சியும் ஏறியது. இழப்பு 33 ஓமிலிருந்து 12 ஓமுக்கு வந்துவிட்டது. 100 வாட்டில் 31 போய் இப்போது 56 வாட் வெளியேறுகிறது. ஆம்ப்ளிஃபையர் எதுவும் வாங்காமல், மேலும் மூன்று சுருள் வயரில் சக்தி ஏறத்தாழ இரட்டிப்பானது. 25 ஓமை 50 ஓமாக மாற்றும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை அடியில் வைத்ததும் கேபிளின் பக்கம் எஸ்டபிள்யூஆரும் சரியானது. ஜார்ஜ் பிரவுனும் அவருடைய இரண்டு உடனுழைப்பாளர்களும் 1937இல் 113 ரேடியல்கள் வரை விரித்து அளந்து வெளியிட்ட முடிவுகள்தான் மத்திய அலை வானொலி நிலையங்கள் 120 ரேடியல்களைப் புதைக்கும் வழக்கத்துக்கு அடிப்படை. நமக்கு அத்தனை வேண்டியதில்லை. ஆனால் நான்கோடு நிறுத்திவிட்டு ஆன்டெனா வேலை செய்யவில்லை என்று குறை சொல்வது சரியில்லை. ரேடியல்கள் குட்டையாக இருந்தாலும் எண்ணிக்கையில் கூட இருப்பதே நல்லது. தரையில் கிடக்கும் ரேடியலுக்கு ஒத்ததிர்வு நீளமெல்லாம் தேவையில்லை.

ரேடியல்களை விரிக்கும்போது தென்னையின் வட்டப்பாத்திகளையும் சொட்டுநீர்க் குழாய்களையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நேர்கோடாக இல்லாமல் வளைந்து போனதால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஜி.ஐ. கம்பியை யு போல் வளைத்த ஊசிகளால் ஒவ்வொரு மீட்டருக்கும் மண்ணோடு சேர்த்துக் குத்தியதால், மாடுகளின் கால் மாட்டவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு புல் மூடிக்கொண்டது. இப்போது கம்பிகள் கண்ணுக்கே தெரிவதில்லை.

எல்லாம் முடிந்து 1.840இல் முதன்முறை நூறு வாட் கொடுத்தபோது ரோட்டேட்டரின் திசைகாட்டி முள் நாற்பது பாகை தாவியது. கையை எடுத்ததும் திரும்பி வந்தது. பீம் அசையவே இல்லை. டவரில் இறங்கும் கட்டுப்பாட்டுக் கேபிள் எல்-இன் சக்தியை வாங்கி அறைக்குள் கொண்டுவந்திருந்தது. பதினாறு மீட்டர் செங்குத்துக் கம்பிக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் இன்னொரு நீளக் கம்பி ஓடினால் அது வாங்கத்தான் செய்யும். எஃப்டி240-31 ஃபெரைட் வளையத்தில் அந்தக் கேபிளைப் பத்துச் சுற்றுச் சுற்றி டவரின் அடியில் ஒன்றும், அறைக்குள் நுழையும் இடத்தில் ஒன்றும் வைத்தேன். எல்லாக் கோஆக்ஸ் கேபிள்களுக்கும் இதே முறையில் சோக் (உறையில் ஓடும் வேண்டாத மின்னோட்டத்தைத் தடுக்கும் சுற்று) செய்தேன். 31 என்ற கலவை தாழ் அலைவரிசைகளுக்கென்றே ஏற்றது. தெருவில் கிடைக்கும் எந்த வளையத்தையும் வாங்கிச் சுற்றினால் பயனிருக்காது. முன்பு மூன்று மீட்டர் உயரத்தில் பாய்ந்த நான்கு கேபிள்களையும் தரைவரை இறக்கி, டவரின் எர்த் கம்பியோடு உறையை இணைத்து, அங்கிருந்து குழாயில் புதைத்து அறைக்குக் கொண்டுசென்றேன். முள் இப்போது தாவுவதில்லை. மின்னலுக்கும் இதுவே சரியான ஏற்பாடு. இருந்தாலும் சித்திரை, ஐப்பசி மாத மாலைகளில் எல்லா கனெக்டர்களையும் கழற்றிவிடுவது என் வழக்கம். எல்-இன் அடியில் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு பெரிய சோக் காயில் இருக்கிறது. காற்றிலும் மழையிலும் கம்பியில் சேரும் நிலைமின்னேற்றம் அதன் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கிவிடும்.

மார்கழியில் இடி இரைச்சல் அடங்கியபின்தான் 160 மீட்டரை நான் முழுதாகக் கேட்டேன். ஜனவரியில் எங்கள் ஊரில் சூரியன் 6.40 அளவில் எழுகிறது. ஐரோப்பாவில் அப்போது நடு இரவு தாண்டிய இருட்டு. ஒரு நாள் ஐந்தரைக்கே எழுந்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு 1.840இல் எஃப்டி8 (மெல்லிய சைகையையும் கணினி படித்துத் திரையில் காட்டும் முறை) கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மணி வரை இரண்டு மூன்று இந்திய நிலையங்கள்தான். ஆறு மணிக்கு மேல் கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் திரையில் வரிகள் ஏறின: கஜகஸ்தான், பிறகு ஒரு உக்ரைன் நிலையம், அதன் பிறகு மிக மெல்லியதாக ஒரு இத்தாலி நிலையம். இத்தாலியைக் கூப்பிட்டேன். நான்காவது முறையில் என் சைகை −19 டெசிபல் அளவில் மெல்லியதாகக் கிடைத்தது என்று ரிப்போர்ட் வந்தது. ஏழு மணிக்குள் எல்லாம் மறைந்து, பக்கத்துத் தோப்பின் மோட்டார் ஸ்டார்ட்டர் எழுப்பும் கரகரப்பு மட்டும் மிஞ்சியது.

அந்தக் கரகரப்புதான் இப்போது மீதியிருக்கும் வேலை. செங்குத்துக் கம்பி ஊரின் எல்இடி பல்புகளையும் சோலார் இன்வெர்ட்டர்களையும் விசுவாசமாக வாங்கிக் கொடுக்கிறது. என்னைக் கேட்கிறவர்கள் சிலரை நான் கேட்பதில்லை. கேரி பிரீட் 1997இல் வெளியிட்ட, அவருடைய அழைப்புக் குறியான கே9ஏஒய் என்ற பெயரிலேயே வழங்கும் கேட்பதற்கு மட்டுமான வளைய ஆன்டெனாவை, டவரிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, தோப்பின் வடகிழக்கு மூலையில் ஒற்றை மூங்கில் கழியில் கட்டுவதாக இருக்கிறேன். மூங்கில் வந்து இறங்கிவிட்டது. ரேடியல் விரித்து மிஞ்சிய வயர் எவ்வளவு இருக்கிறது என்று நாளை அளக்க வேண்டும்.